பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கி விற்கிறார், வாங்கலாமா?

கலிஃபோர்னியாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பி ஒருவர் கேட்டார்: பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்கிறார், தன் ஷாட்கன்னைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளட்டுமா?

முதலில் விசாவைப் பாருங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம். எச்1பி, எல்1 (வேலை), எஃப்1 (படிப்பு), எச்4 (குடும்பத்தார்) எதுவாக இருந்தாலும் அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கவே கூடாது. வாங்கினால்தான் தப்பு என்றில்லை, ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைத் தொடுவதும் இதில் அடங்கும், இது தெரியாமல் போட்டோ வேறு எடுத்துப் போடுகிறார்கள். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் காலாவதியாகாமல் இருந்தால் விலக்கு உண்டு. ஆனாலும் கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும்போது எதற்கு இந்த வம்பு? வேண்டுமென்றால் வக்கீலைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டதா, சரி. அப்போதும் கலிஃபோர்னியாவில் பணத்தைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியோடு வீட்டுக்கு வர முடியாது. 30 கேள்வித் தேர்வு எழுதிப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கவேண்டும் (25 டாலர், 23 சரியாக இருந்தால் போதும்). பிறகு விற்பவரும் நீங்களும் சேர்ந்து லைசென்ஸ் உள்ள டீலர் கடைக்குப் போகவேண்டும். அங்கே ஃபாரம் 4473 (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசுப் படிவம்) நிரப்பி, பேக்ரவுண்ட் செக் ஓடி, 10 நாள் துப்பாக்கி கடையிலேயே இருக்கும். மாநிலக் கட்டணம் சுமார் 37 டாலர், டீலர் அதற்கு மேல் 10 டாலர் வரை கேட்கலாம். நான் வாங்கியபோது ஃபாரத்தில் ஏ-நம்பரில் (கிரீன் கார்டில் உள்ள அடையாள எண்) ஓர் இலக்கத்தை மாற்றி எழுதி, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பினேன், கார்டைப் பார்த்து எழுதுங்கள்.

டெக்சாஸில் இருக்கும் நண்பன் "டீலரெல்லாம் எதுக்கு" என்பான். அவனுக்கு அது சரி, ஒரே மாநிலத்து ஆட்களுக்குள் அங்கே அப்படி விற்கலாம். அவன் துப்பாக்கியை நீங்கள் வாங்கினால் அது மாநிலம் தாண்டும் விற்பனை, டீலர் இல்லாமல் கூடாது. விசாவில் இருக்கும் நண்பனுக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள், 2022 சட்டப்படி 15 வருடம் வரை சிறை.

இன்னொன்று, ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் தங்குவார்கள் இல்லையா, அவர்களுக்கும் இதே தடைதான். துப்பாக்கிப் பெட்டியின் சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும், "பீரோ சாவி எங்கப்பா" என்று அம்மா கேட்டாலும்.