முட்டி தேய்மானத்துக்குக் காந்த சிகிச்சை: கிளினிக்ல பார்த்தது, வீட்ல பார்த்தது

பிசியோ, தண்டையார்பேட்டை:
"கரண்ட் வெச்சாங்க"ன்னு மட்டும் பேஷன்ட் சொன்னா எதையும் முடிவு பண்ணிடாதீங்க. பேட் ஒட்டி ஜிவ்வுனு இழுத்துச்சான்னு கேளுங்க, அது ஐ.எஃப்.டி. (வலிக்குக் கொடுக்கிற மின்சிகிச்சை). உள்ளுக்குள்ள சூடு ஏறுச்சுன்னா எஸ்.டபிள்யூ.டி. (ஷார்ட்வேவ் வெப்ப சிகிச்சை). வளையத்துக்குள்ள காலை விட்டும் ஒண்ணுமே தெரியலைன்னா காந்தம், அதாவது துடிப்புத் துடிப்பா காந்தப் புலம் கொடுக்கிற மிஷின்.

கடையில விற்கிற காந்த நீ-கேப் (முட்டியில மாட்டுற உறை) இதுல சேராது. அதுல தெச்சிருக்கிற காந்தத்துக்கும் ஒரு குண்டூசிக்கும் நடுவுல துணியை மடிச்சு வெச்சுக்கிட்டே வாங்க. ரெண்டு விரல் கனம் வர்றதுக்குள்ள பெரும்பாலும் ஊசி விழுந்துடும். மூட்டோட உள்பக்கம் அதைவிட ஆழத்துல இருக்கு. இதமா இருக்குன்னா அது துணியோட இறுக்கமும் கதகதப்பும்தான். சாதா நீ கேப்பே போதும்.

மிஷின்ல வெக்கும்போது பேஷன்ட்டைப் படுக்க வெச்சு, முட்டிக்கடியில சின்ன துண்டுச் சுருள் கொடுங்க. முட்டிச்சில்லோட கீழ்நுனி வளையத்தோட நடுவுல இருக்கணும். கால் கனமா இருந்தா வளையம் தொடைப் பக்கம் ஏறிடும், பாதி நேரத்துல ஒரு தடவை எட்டிப் பாருங்க. வழக்கமா 20 முதல் 30 நிமிஷம். ஹெர்ட்ஸும் (துடிப்பு வேகம்) காஸும் (காந்தப் புலத்தோட பலம்) ஆய்வுக்கு ஆய்வு வேற வேற. "தேய்மானத்துக்குன்னே தனி புரோகிராம்"னு ஏஜென்ட் சொல்றது விற்பனைப் பேச்சு.

மிஷின் சர்வீஸ், ராயபுரம்:
காந்தப் புலம் வருதான்னு யாரும் பார்க்கிறதில்லை. காயில் (வளையத்துக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள்) செத்தே போயிருந்தாலும் டிஸ்ப்ளேல டைமர் பாட்டுக்கு ஓடும். மிஷின் ஓடும்போது ஒரு சின்ன காந்தத்தை விரல்ல பிடிச்சு வளையத்துக்கிட்ட கொண்டு போங்க. கிர்ர்னு அதிரணும். அதிரலைன்னா ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டி, காயில் வயர் எங்கயும் அறுந்திருக்கான்னு மல்டிமீட்டர்ல பாருங்க. பெரும்பாலும் வயர் காயிலுக்குள்ள நுழையிற இடத்துலதான் அறுந்திருக்கும், வேலை முடிஞ்சதும் வளையத்தைச் சுத்தி இறுக்கி மடிச்சு வெக்கிறதால.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம்னா உப்புக்காத்து வேற. கனெக்டர் பின் பச்சை பூத்துடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைச்சு, நல்லா காஞ்சதும் மாட்டுங்க. கரண்ட் போய் வந்தா சில மிஷின் பழைய செட்டிங்குக்கே திரும்பிடும், பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

வீட்டுக்குப் போய் பார்க்கிற பிசியோ, பழைய வண்ணாரப்பேட்டை:
சர்வீஸ் அண்ணா சொன்ன அதிர்வு டெஸ்ட்டை நர்சுக்கும் சொல்லிக் கொடுங்க. அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. "ஹார்ட் பிராப்ளம் இருக்கா"ன்னு கேட்டா "மாத்திரை சாப்பிடுறேன்"னு முடிச்சிடுவாங்க. "நெஞ்சுத் தோலுக்கடியில மிஷின் வெச்சிருக்காங்களா"ன்னு கேளுங்க. பேஸ்மேக்கர், உள்ளே வெச்ச ஷாக் கருவி, காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் பண்ணி காதுல வெச்ச கருவி), இன்சுலின் பம்ப் இருந்தா காந்தம் வேணாம். கர்ப்பிணிக்கும், புற்றுநோய் இருக்கிற இடத்துலயும் வேணாம். காது மெஷின், வாட்ச், ஏ.டி.எம். கார்டு, கொலுசு எல்லாம் தள்ளி வெக்கணும்.

வலி குறைஞ்சாலும் கொஞ்ச நாளைக்குத்தான். அந்த நேரத்துல தொடைத் தசையை வேலை வாங்கலைன்னா கொடுத்த காசு வீண். முட்டிக்கடியில துண்டுச் சுருள் வெச்சு அமுக்கி 5 விநாடி பிடிக்கணும், 10 தடவை. அடுத்தது, படுத்துக்கிட்டு ஒரு காலை மடக்கி வெச்சு, நேரா நீட்டின காலை மடக்கின முட்டி உயரத்துக்குத் தூக்கி 5 விநாடி, மூச்சை அடக்காம. அப்புறம் நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கிறது. கஷ்டமா இருந்தா சீட்ல தலகாணி போட்டு உயரத்தைக் கூட்டுங்க. வலி மறுநாளும் அடங்கலைன்னா எண்ணிக்கையைப் பாதியாக்கணும்.

தரையிலயோ தாழ்ந்த பலகையிலயோ நாள் பூரா உட்கார்ந்து மீன் விற்கிறவங்களுக்கு எந்த மிஷின் வெச்சாலும் சாயங்காலம் வலி திரும்பிடும். முதல்ல ஸ்டூல் உயரமாகணும். எங்க சந்து வீட்டுப் படி செங்குத்து: ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில.

பிசியோ, பெரம்பூர்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். நோட்டீஸ்ல "எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு"ன்னு (அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவி அனுமதி அமைப்பு) போட்டிருந்தா எதுக்குன்னு கேளுங்க. 1979-ல அமெரிக்காவுல துடிப்புக் காந்தப் புலத்துக்கு அனுமதி கிடைச்சது ஒட்டிச் சேராத எலும்பு முறிவுக்கு. தேஞ்ச குருத்தெலும்பு வளரும்ங்கறதுக்கு இல்லை. 2019 அமெரிக்க வாதநோய் வழிகாட்டுதல் வலுவா சொல்றதுல உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் இருக்கு.

முட்டி திடீர்னு செவந்து, சூடா வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தா மிஷினை ஆன் பண்ணாதீங்க. அன்னைக்கே எலும்பு டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஒரு கால்ல மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலும் மிஷின் வேணாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.