ஒரே கணக்கில் இன்னொரு கணினி: இதற்கு என்ன சொல்?

ஹட்டனிலிருந்து:

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு கணினி ஒன்றரை வருடமாக, ஆர்வலர்களின் கணினிகளைக் கொண்டு விண்வெளித் தரவை ஆராயும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்கு வேலை செய்து கொடுக்கிறது. யாரும் அதைப் பாவிக்காத நேரத்தில் பொயிங்க் என்ற மென்பொருள் ஒரு துண்டு வேலையை இறக்கி, கணித்து முடித்து, விடையை அனுப்பிவிடும். போன மாதம் பழைய மடிக்கணினி ஒன்று அன்பளிப்பாக வந்தது. உயர்தரம் படிக்கிற தங்கச்சி ஒருத்தி, நான் எழுதிக்கொடுத்த தமிழ் வழிகாட்டியை வைத்துக்கொண்டு அதையும் சேர்க்கப் பார்த்தாள். சரிவரவில்லை. பிழை என் தாளில்.

'இணை' என்ற சொல்லை நான் மூன்று இடத்தில் போட்டிருந்தேன். இணையத்தோடு இணை. கணினியைக் கணக்கோடு இணை. ஒரே கணினி பட்டியலில் இரண்டு தடவை வந்தால் அந்த இரண்டையும் இணை. விண்டோசைத் திரும்பப் போட்டால் அதே பெட்டிக்குப் புது இலக்கம் விழுவது உண்டு. பழையதையும் புதியதையும் ஒன்றாக்கக் கணக்குப் பக்கத்தில் வசதி இருக்கிறது. தங்கச்சி போய் நின்றது அந்த மூன்றாவது இடத்தில். மடிக்கணினி இன்னும் உள்ளேயே வராதபோது அங்கே ஒன்றாக்க என்ன இருக்கும்? அப்புறம் 'புதிய பயனர்' என்பதைத் தெரிவு செய்து, வேறு மின்னஞ்சலில் கணக்கே திறந்துவிட்டாள். இப்போது வாசிகசாலைக்கு இரண்டு கணக்கு. செய்த வேலைக்குக் கிடைக்கும் புள்ளிகள் பிரிந்து கிடக்கின்றன.

உண்மையில் சின்ன வேலைதான். புதிய கணினியில் பொயிங்கை நிறுவி, திட்டத்தைத் தெரிவு செய்து, 'ஏற்கனவே உள்ள பயனர்' என்று சொல்லி, முதல் கணினியில் கொடுத்த அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் போதும். திட்டத்தின் சேர்வர் (வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மையக் கணினி) அந்தக் கணினிக்குத் தனி இலக்கம் கொடுத்து, அதே கணக்கின் கீழ் வைத்துக்கொள்ளும்.

இந்தச் செயலுக்குத்தான் சொல் தேடுகிறேன். ஆங்கிலத்திலேயே முன்பு 'அட்டாச்' (இணை) என்று இருந்ததைப் பிறகு 'அட்' (சேர்) என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே நாம் 'இணை'யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கணக்கில் உள்ள கணினியைக் குறிக்க 'ஹோஸ்ட்' என்று வரும் இடத்தில் 'விருந்தோம்பி' போடலாம் என்று இங்கே ஒருவர் எழுதினார். வேலைக்கு வந்து நிற்கிற இயந்திரத்துக்கு அது பொருந்தவில்லை.

நான் முன்வைப்பது 'பேர்ப்பதிவு'. தோட்டத்தில் ஒருவரை வேலைக்கு எடுத்தால் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், பேர் பதிவார்கள், இலக்கம் கொடுப்பார்கள். ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்', பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் 'அரைப்பேர்'. அம்மா மாதக் கடைசியில் "இந்த மாசம் இருபத்திரண்டு பேர்" என்று எண்ணுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். கணக்குப் பக்கத்தில் கணினிகள் இலக்கத்தோடு வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் எனக்குச் செக்ரோல்தான் ஞாபகம் வந்தது. இறக்குகிற துண்டு வேலையை 'நிரை' என்றும் சொல்லலாம். மலையில் ஆளுக்கு ஆள் தேயிலைச் செடி நிரை (வரிசை) பிரித்துக் கொடுப்பது போலத்தான் சேர்வரும் கொடுக்கிறது. உங்கள் கருத்து என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, 'நிரை' எனக்குப் பிடித்திருக்கிறது. 'பேர்ப்பதிவு' சரிவராது. அந்தச் சொல்லைக் கேட்டால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் புதுக் கணக்குத் திறப்பது என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். வாக்காளர் பதிவு, பிறப்புப் பதிவு என்று எங்கே பார்த்தாலும் பதிவு என்றால் புதிதாக ஒன்றைத் தொடங்குவதுதான். தங்கச்சிக்கு உங்கள் தாள் செய்ததை அடுத்தவருக்கு இந்தச் சொல்லே செய்யும்.

இன்னொன்று, செக்ரோலில் ஆளுக்கு ஒரு பேர். இங்கே பேர் ஒன்று, இயந்திரம் இரண்டு. 'கணினி சேர்த்தல்' என்று இருக்கட்டுமே. ஏன் கஷ்டப்பட வேண்டும்?

ஹட்டனிலிருந்து:

அக்கா, பேர் ஒன்று, இயந்திரம் இரண்டு என்று எழுதியிருந்தீர்களே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலையில் கைக்காசு. விடுமுறை நாளில் பறிக்கிற கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு என்பதால் வீட்டில் இருக்கிறவர்களும் போவார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எனக்கு முன்னால் பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா நின்றார். பின்னால் அவர் கணவர் ஒரு சாக்கோடு, மகள் அரைச் சாக்கோடு. மூன்றையும் தராசில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள். எழுதினது முழுவதும் அந்த அக்காவின் பேரில். ஈரத்துக்குக் கழித்ததும் அதே பேரில்தான்.

வாசிகசாலைக் கணக்கிலும் நடப்பது அதுதான். கணக்குத்தான் பேர். கணினி ஒவ்வொன்றும் ஒரு கை. ஆகவே பேர்ப்பதிவைக் கைவிட்டு 'கைச்சேர்க்கை' என்று முன்வைக்கிறேன். இந்தச் சொல்லில் புதுக் கணக்கு என்ற எண்ணம் வரவே இடமில்லை; ஏற்கனவே இருக்கிற பேருக்குத்தானே கை சேர்க்க முடியும்?

'கணினி சேர்த்தல்' பிழையான சொல் இல்லை. ஆனால் பொயிங்க் ஆண்ட்ராய்ட் கைபேசியிலும் ஓடும். நாளைக்கு ஒரு பிள்ளை தன் பழைய கைபேசியைக் கொண்டுவந்து சேர்த்தால் அதைக் கணினி என்று சொல்ல வாய் வராது. கை என்றால் எதற்கும் பொருந்தும். 'இரண்டாவது கணினி' என்பதற்கு 'துணைக்கை' என்று போட முதலில் நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். சேர்வருக்கு முதல் கணினி பெரியது, பின்னால் வந்தது சின்னது என்ற பேதம் இல்லை.

கை ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் இருப்பதையும் மறைக்கக் கூடாது. ஐன்ஸ்டைன் அட் ஹோம் 2010இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கித் தரவிலிருந்து ஒரு பல்சாரை (சுழன்றுகொண்டே துடிப்புகளாக அலை அனுப்பும் விண்மீனை) கண்டுபிடித்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் ஒருவருடைய கணினியும் அதைப் பிடித்தன. எந்தக் கணினி எதைக் கணித்தது என்ற பதிவு இருந்ததால்தான் அவர்களுக்குரிய பெயர் கிடைத்தது. ஒருவர் விடையை இன்னொருவர் விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரே வேலையை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். மலையில் ஒரே நிரையை இரண்டு பேருக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் 'நிரை' என்பதை இன்னும் யோசிக்க வேண்டும், அவசரப்பட வேண்டாம்.

கணினியை நீக்குவதற்கு 'பேர் வெட்டு' போடலாமே என்று ஒரு நண்பர் தனியாக எழுதினார். அது மட்டும் வேண்டாம். இங்கே பேர் வெட்டினார்கள் என்றால் ஒரு குடும்பம் லயத்தை விட்டுப் போனது என்று அர்த்தம். 'விலக்கு' போதும்.

வழிகாட்டியைத் திருத்திவிட்டேன். இணையத்துக்குத் 'தொடர்பு', இரட்டிப்பான பதிவுக்கு 'ஒன்றாக்கு', நடுவில் உள்ளதற்கு இப்படி: "கைச்சேர்க்கை: புதிய கணினியில் பொயிங்கைத் திறந்து, உங்கள் பழைய மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். புதுக் கணக்குத் திறக்க வேண்டாம்."

தங்கச்சி நேற்றுப் பின்னேரம் இந்தத் தாளை வைத்து மடிக்கணினியைப் பழைய கணக்கிலேயே சேர்த்துவிட்டாள். பட்டியலில் இரண்டு இலக்கம் நிற்கிறது. யாருக்காவது மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுக்கிறேன்.