'பெண்களின் குரல்' பிரெஞ்சுப் பத்திரிகை: 1848-ஆ, 1917-ஆ?

அல்சூர்வாசி:
எங்கள் வாசகர் வட்டத்தில் வர்ற ஞாயிறு பழைய பெண்கள் பத்திரிகைகள் பற்றிப் பேச ஒத்துக்கொண்டேன். பிரான்சில் 'லா வ்வா தே ஃபாம்' (பெண்களின் குரல்) என்று ஒன்று பெண்ணுரிமையும் பேசிப் போரையும் எதிர்த்ததாம். ஓரிடத்தில் 1848 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 1917. எது சரி? உலகப் போர் நடக்கும்போது அதை எப்படி விட்டுவைத்தார்கள்?

பனசங்கரி:
ரெண்டுமே சரி, பெயர் ஒன்று, பத்திரிகை வேறு. முதலாவதை 1848 மார்ச்சில் யூஜெனி நிபுவாயே தொடங்கினார். அந்த வருடம் மன்னராட்சியைக் கவிழ்த்த புரட்சி முடிந்ததும் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு என்று அறிவித்து, பெண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கோபத்தில் வந்தது. பெண் நாவலாசிரியர் ஜார்ஜ் சாந்தைத் தேர்தலுக்கு முன்மொழிந்து எழுதப்போக, அந்த அம்மா எரிச்சலோடு மறுத்துவிட்டார். ஜூனில் பத்திரிகை நின்றது.

கோரமங்கலா டீக்கடை:
நீங்கள் தேடுவது 1917 அக்டோபரில் கொலெத் ரேனோவும் லூயிஸ் போதேனும் தொடங்கிய வாரப் பத்திரிகை. விட்டெல்லாம் வைக்கவில்லை. அப்போது பிரான்சில் எந்தப் பத்திரிகையும் அச்சேறும் முன் தணிக்கைக்குப் போகணும், வெட்டிய பத்தி வெறும் வெள்ளையாகவே வாசகர் கைக்கு வரும். இதில் நெல்லி ரூசெல், மதலேன் பெல்த்தியே மாதிரி ஆட்கள் எழுதினார்கள். ஆனால் பெண்ணியவாதிகள் எல்லோரும் போரை எதிர்த்தார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1915-இல் ஹேக் நகரில் பெண்கள் சமாதான மாநாடு கூடியபோது பிரான்சின் பெரிய பெண்கள் அமைப்புகள் போகவே மறுத்தன, நாடு போரில் இருக்கும்போது எதிரி நாட்டுக்காரியோடு உட்காருவதா என்று. அதனால்தான் இந்தச் சின்னப் பத்திரிகை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்புறம் எலேன் பிரியோனை விட்டுவிடாதீங்க. பாந்தேன் ஊரில் குழந்தைகள் பள்ளி ஆசிரியை, போருக்கு எதிராகத் துண்டறிக்கை பரப்பியதற்காக 1918 மார்ச்சில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவருடைய வாதம் நேரடியானது: போர் என்பது முரட்டு பலத்தின் ஆட்சி, பெண்ணியம் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் நிற்பது, ஆகவே பெண்ணியவாதி என்பதாலேயே போருக்கு எதிரி. மூன்று வருடத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டது. வேலை போச்சு, 1925-இல்தான் திரும்பக் கிடைத்தது. போதேன் பின்னால் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார்.

ஜெயநகர் பாட்டி:
இதையும் சேர்த்துக்கோம்மா. பெண்களுக்கு ஓட்டு என்று 1919-இல் பிரான்சின் நாடாளுமன்றக் கீழ்ச்சபை நிறைவேற்றியதை 1922-இல் மேல்சபையான செனட் கவிழ்த்தது. அங்கே பெண்கள் முதல்முதலாக ஓட்டுப் போட்டது 1945-இல். நம்ம சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தாச்சு. ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், சொத்து இருந்தவர்களுக்கு மட்டும்தான்.