'ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசியா': பார்த்து முடித்த பிறகும் உங்களை விடாத காட்சி எது?

சலான் கட்டு:

எல்லோரும் கடைசிக் காட்சியைத்தான் சொல்வீர்கள். எனக்கு அது இல்லை. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் உளவாளியாகக் கருஞ்சிறுத்தைக் கட்சிக்குள் நுழைந்த வில்லியம் ஓ'நீல், அந்தக் கறுப்பினக் கட்சியின் இல்லினாய்ஸ் கிளைத் தலைவர் பிரெட் ஹாம்ப்டன் தங்கியிருந்த வீட்டின் வரைபடம் போட்டுக் கொடுக்கிறானே, அதுதான். இங்கே வாசல், இங்கே கூடம், இங்கே பிரெட் ஹாம்ப்டன் படுக்கும் கட்டில். எஃப்.பி.ஐ. அவனுக்கு 300 டாலர் போனஸ் கொடுத்தது.

1994இல் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன். சங்கம் தொடங்கலாம் என்று பதினோரு பேர் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் கூடினோம். மறுநாள் மேலாளர் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, மிரட்டாமல், "யார் யார் வந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் ஒரு டெலிவரி சலானைத் திருப்பிப் போட்டு, வட்டம் வரைந்து, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் அதிகம் பேசினார் என்று குறித்துக் கொடுத்தேன். அவர் கேட்டது பெயர்களைத்தான். வட்டம் என் கைவேலை. அதிகம் பேசியவருக்கு ஒரே மாதத்தில் வேலை போயிற்று. எனக்கு அந்த வருடம் 150 ரூபாய் கூடுதல் சம்பள உயர்வு.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்க மூன்று நாள் ஆயிற்று.

கூழாங்கல்:

சிகாகோவின் மேற்குப் புறநகரில் பதினாறு வருடங்களாக இருக்கிறேன். முதலில் ஒரு குறை: படத்தில் சிகாகோ என்று காட்டுவது பெரும்பாலும் க்ளீவ்லாந்து. இங்கே இருப்பவர்களுக்குக் கண்ணை உறுத்தும்.

நான் தினமும் வேலைக்குப் போவது ஐசன்ஹோவர் விரைவுச்சாலையில். 1990 ஜனவரி 15 அன்று ஓ'நீல் வண்டிகளுக்கு நடுவே ஓடி உயிரை விட்டது அதே சாலையில்தான் என்று படம் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஹாம்ப்டன் வளர்ந்த மேவுட் ஊருக்கும் அந்தச் சாலையிலிருந்துதான் இறங்க வேண்டும். அத்தனை வருடங்களில் ஒருமுறைகூட இறங்கியதில்லை.

ஓர் அக்டோபர் ஞாயிறு இறங்கினேன். அங்கே அவர் பெயரில் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது, அருகில் அவருடைய மார்பளவுச் சிலை. பள்ளிப் பருவத்தில் அவர் கேட்டுப் போராடியது அதைத்தான்: கறுப்பினப் பிள்ளைகள் குளிக்க ஊருக்குள் ஒரு குளம். படத்தில் துப்பாக்கிக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூடக் குளத்துக்குக் கிடைக்கவில்லை. குளிர்காலம் வருகிறதே, குளம் பூட்டியிருந்தது. என்னோடு வந்த எட்டு வயது மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு, "இவர் நீச்சல் வீரரா அப்பா?" என்று கேட்டாள். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

அரைநெல்லி:

என் அனுபவம் சிறியது. விமானத்தில் பாதி, வீட்டில் பாதி பார்த்தேன். போலீஸ் ஹாம்ப்டனைச் சுடும்போது கேமரா அறைக்குள் போகாமல், அவருடைய துணைவியான நிறைமாதக் கர்ப்பிணி டெபோரா ஜான்சனின் முகத்திலேயே நின்றுவிடுகிறது. நமக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

சலான் கட்டு அவர்களே, உங்களை ஓ'நீலோடு ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். கார் திருட்டில் எஃப்.பி.ஐ.யிடம் சிக்கியபோது அவனுக்கு 17 வயது. சிறையா, உளவா என்று கேட்டார்கள். உங்களிடம் தேநீர் அல்லவா நீட்டினார்கள்? படம் செய்த பெரிய தவறே இந்த வயது விஷயம்தான். இறக்கும்போது ஹாம்ப்டனுக்கு 21, உடன் கொல்லப்பட்ட மார்க் கிளார்க்குக்கு 22. நடிக்கவைத்தது முப்பதை ஒட்டியவர்களை. ஹாம்ப்டனாக நடித்த டேனியல் கலூயாவுக்கு ஆஸ்கர் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் செத்தவர்கள் பிள்ளைகள் என்பது திரையில் தெரியவில்லை.

இனிப் பார்ப்பவர்கள் 1971இல் வந்த 'தி மர்டர் ஆஃப் பிரெட் ஹாம்ப்டன்' ஆவணப்படத்தை முதலில் பாருங்கள். 1969 டிசம்பர் 4 விடிவதற்கு முன் நடந்த போலீஸ் சோதனைக்குப் பிறகு, கட்சியினர் அந்த வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளேயிருந்து சுட்டதற்குச் சான்று என்று ஒரு பெரிய நாளிதழ் படத்தோடு வெளியிட்ட துளைகள், போய்ப் பார்த்தால் ஆணித் தலைகள்! போலீஸ் சுட்டது எண்பது குண்டுகளுக்கு மேல், உள்ளேயிருந்து வந்தது ஒன்றே ஒன்று. வழக்கு 1982 வரை இழுத்து, 18.5 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. இதில் சிலவற்றைப் படம் கடைசியில் எழுத்தில் ஓட்டிவிடுகிறது. எழுத்து ஓடும்போது எழுந்துபோகும் பழக்கத்தை விடுங்கள். காதில் கருவி மாட்டிக்கொண்டு இரவில் பார்க்காதீர்கள்.

சலான் கட்டு, அந்த மனிதர் உயிரோடு இருந்தால் போய்ச் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் வேண்டாம், நேரில். பழம், இனிப்பு எதுவும் வாங்கிப் போகாதீர்கள். போனஸைத் திருப்பிக் கொடுப்பதுபோல் இருக்கும்.

தொண்ணூறடிச் சாலை:

அரைநெல்லி அம்மா, உங்கள் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் படமே முடிந்துவிடும் போலிருக்கிறது.

நான் தாராவிக்காரன். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் அமைப்பைத் தொடங்கிய நாம்தேவ் தசால் முதலானோர் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். என் அப்பா அப்போது விடலைப் பையன். கூட்டங்களுக்குச் சுவரொட்டி ஒட்டியவர். 1974 வொர்லிக் கலவரத்தில் வாங்கிய தையல் இடது புருவத்தில் இருக்கிறது.

அவரை உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் மொழிபெயர்க்கப் போனால் கையமர்த்திவிட்டார். ஓ'நீல் காரோடு கட்சிக்குள் வந்து, ஓட்டுநராகவும் சேர்கிற கட்டம். நமக்கு அவன் யார் என்று முன்பே தெரியும். அப்பாவுக்கு வசனம் எதுவும் புரிந்திருக்காது. ஆனாலும் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இவன்தான். சோற்றுக்கே வழியில்லாத கூட்டத்துக்குள் கார் கொண்டுவருகிறான் பார்."

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். எங்கள் பக்கத்திலும் ஒருவன் இருந்தான், எந்தத் தெருவில் கூடினாலும் போலீஸ் முன்கூட்டியே வந்து நிற்கும் என்றார். யார் அவன் என்றேன். "அது கடைசி வரை தெரியவில்லை" என்று மறுபடி பாக்கு வெட்டத் தொடங்கினார். கிளைமாக்ஸ் வருவதற்குள் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார். அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள்கூட இல்லை.

அரைநெல்லி:

பட்டியல் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆவணப்படத்தைப் பாருங்கள்.

சலான் கட்டு:

அரைநெல்லி அவர்களுக்கு: அப்போது எனக்கு வயது 31. பதினேழு இல்லை.

நேரில் போகச் சொன்னீர்கள். போயிருக்கிறேன். 2003இல் அவர் மகளின் திருமணத்துக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். மற்ற ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். பந்தியில் அவரே பாயச வாளியோடு வந்து, என் இலைக்கு முன் நின்று, "இவருக்கு ஸ்டோர்ஸ் கணக்கு, அளந்துதான் சாப்பிடுவார்" என்று எல்லோரும் சிரிக்கும்படி சொல்லிவிட்டு, இரண்டு கரண்டி ஊற்றினார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.