அம்மாவுக்கு டி.எஸ்.எச். 6.8, தைராய்டு மாத்திரை தேவையா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 78 வயது. அசதி, மலச்சிக்கல் என்று ரத்தம் கொடுத்ததில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் இது கூடும்) 6.8 வந்தது, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாகவே இருக்கிறது. டாக்டர் உடனே 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை எழுதிவிட்டார். அதிலிருந்து ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை என்கிறார். நிறுத்திவிடலாமா? சத்துக்கு இரும்பு மாத்திரையும் சாப்பிடுகிறார்.

சித்திரைநிலா:
முதலில் படபடப்பைக் கவனியுங்கள், நாளைக்குத் தள்ளாமல் இன்றே டாக்டரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுங்கள். இந்த வயதில் தைராய்டு ஹார்மோன் கூடிப்போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, அதனால் பக்கவாதம் வரைக்கும் போகலாம், எலும்பும் தேயும். வயது ஏற ஏற டி.எஸ்.எச். தானாகவே கொஞ்சம் கூடும், ஆனால் லேப் தாளில் எல்லா வயதுக்கும் ஒரே அளவுதான் போடுகிறார்கள். ஐரோப்பாவில் இதேபோல டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் கூடியிருந்த, 65 வயது தாண்டிய 737 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது: ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அசதி குறைந்ததாகத் தெரியவில்லை. டி.எஸ்.எச். 10க்கு மேல் போனாலோ டி4 குறைந்தாலோ பேச்சே வேறு. எனக்குத் தெரிந்தவரை, 6.8க்கு இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்வதே நல்லது. அப்புறம், மலச்சிக்கலுக்கு அந்த இரும்பு மாத்திரையே காரணமாக இருக்கலாம், அதையும் கேளுங்கள்.

பழையபேட்டை:
இதைப் படித்துவிட்டு யாரும் சோதனையே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். என் மாமனாருக்கு மறதி, குளிர் தாங்காமை, பேச்சில் மந்தம், எல்லாவற்றையும் வயசாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம். டி.எஸ்.எச். 60ஐத் தாண்டியிருந்தது, டி4 ரொம்பக் குறைவு. இதயத்தில் ஸ்டென்ட் இருந்ததால் 12.5 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்து மெல்ல ஏற்றினார்கள், இப்போது பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், காபி அரை மணி நேரமாவது கழித்துத்தான். இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். முடி, நகத்துக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அது முடிவையே மாற்றிக் காட்டும்.

வைகைக்கரை:
ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, கோளாறு இல்லை. தைராக்ஸினை நிறுத்தி, இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதிக்க டாக்டர் சொல்லியிருக்கிறார். முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாது என்கிறார்களே, அதை விட வேண்டுமா?

சித்திரைநிலா:
வேண்டாம், வேகவைத்து வழக்கம்போலச் சாப்பிடட்டும்.