மாண்ட்ரேக் வீட்டுச் சமையல்காரர் ஹோஜோ எங்க இருந்து வந்தவர்?

வெள்ளவத்தை_வாசகன்:
எல்லாருக்கும் வணக்கம். மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில பழைய புத்தகக் கடைகள் இருக்கெல்லோ, அங்க ஒரு கட்டு காமிக்ஸ் எடுத்தன், பாதிக்கு மேல மந்திரவாதி மாண்ட்ரேக். பின் எல்லாம் கறள் பிடிச்சு, பக்கத்தைத் திருப்பேக்க ஓரம் உதிருது. முன்னம் வச்சிருந்த ஆள் ஒரு புத்தகத்தின்ட பின்னட்டையில நீலப் பேனையால ஆக்கள்ட பேரை வரிசையா எழுதி நேர விவரம் போட்டிருக்கு, லொதார் இளவரசன், நார்டா இளவரசி, கோப்ரா எதிரி எண்டு. ஹோஜோவுக்கு நேர "குக்" எண்டு எழுதி வெட்டி, "தலைவர்" எண்டு எழுதி, அதுக்குப் பக்கத்தில ஒரு கேள்விக்குறி.

எனக்கும் அதே கேள்விதான். மாண்ட்ரேக்கின்ட சனாடு மாளிகையில சமைக்கிற ஜப்பான்காரர், அதே ஆள்தான் இன்டர்-இன்டெல் எண்ட சர்வதேசக் குற்றத் தடுப்பு அமைப்பின்ட இரகசியத் தலைவர், கராத்தே மாதிரிச் சண்டைக்கலையிலயும் சூரன். சரி, ஆனா எப்பிடி? ஜப்பானை விட்டு எப்ப வந்தவர், ஆர் இவரைத் தலைவராக்கினது, சம்சாரம் பிள்ளையள் இருக்கா, இவ்வளவு பெரிய ஆள் ஏன் இன்னொருத்தர் வீட்டு அடுப்படியில நிக்கிறார்? மற்ற எல்லாருக்கும் கதை இருக்கு. லொதார் ஏழு நாட்டுக் கூட்டமைப்பின்ட இளவரசன், ராச்சியத்தை விட்டுட்டு மாண்ட்ரேக்கோட வந்தவன். நார்டா கொக்கெய்ன் நாட்டு இளவரசி. வில்லன் கோப்ராவுக்குக் கூட அப்பா ஆர், தம்பி ஆர் எண்டு விளக்கமாச் சொல்லியாச்சு. ஹோஜோவுக்கு மட்டும் ஒண்டுமில்லையா? என்னட்ட இருக்கிறதில நடுப்பக்கங்கள் கனக்க இல்ல, அதால கேக்கிறன்.

கொட்டாஞ்சேனை_அண்ணை:
தம்பி, உங்கட நடுப்பக்கத்தில அது இருந்திருக்காது. இந்தக் கதையள் புத்தகத்துக்கு எண்டு கீறினது இல்ல, 1934 ஜூன் மாசம் தொடக்கம் அமெரிக்கப் பேப்பர்கள்ல ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு கட்டம் எண்டு வந்தது, ஞாயிறுப் பக்கத்தில வேற ஒரு கதை ஓடும். லீ ஃபோக் எழுத ஃபில் டேவிஸ் கீறினவர், டேவிஸ் 1964ல செத்தாப் பிறகு ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ். ஒரு நாளைக்கு மூண்டு கட்டம் எண்டா யோசிச்சுப் பாருங்கோ, நேற்றையான் கதையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேணும், இண்டைக்கு ஏதும் நடக்க வேணும், நாளைக்கும் பேப்பர் வாங்க வைக்க வேணும். இதுக்குள்ள தேத்தண்ணி கொண்டுவாற ஆளின்ட சின்ன வயசுக்கு எங்க இடம்? கோப்ராவுக்குக் கிடைச்சது ஏனெண்டா அது மாண்ட்ரேக்கின்ட குடும்பக் கதை. மந்திரக் கல்லூரித் தலைவர் தேரோன்ட மூத்த மகன் லூசிஃபோர்தான் கோப்ரா, மாண்ட்ரேக்குக்குத் தமையன் முறை. சண்டைக்கே காரணம் அதுதான், அப்ப சொல்லித்தான் ஆகவேணும்.

பிறகு இன்னொண்டு. இந்தியாவில இந்திரஜால் காமிக்ஸ் 1964லயும் முத்து காமிக்ஸ் 1972லயும் தொடங்கினது. அவங்கள் பேப்பர்க் கட்டங்களைப் புத்தக அளவுக்கு மாத்தி அடுக்கேக்க சிலதை வெட்டிச் சின்னனாக்கிப் போட்டவங்கள். நாங்கள் வாசிச்சது வெட்டின கதை. அதுவும் எழுபதுகள்ல இந்தியச் சஞ்சிகையளுக்கு இங்க கட்டுப்பாடு, கைமாறிக் கைமாறி வாறதுதான்.

மாளிகாவத்தை_ரீடர்:
அண்ணை சொல்றது சரி, ஆனா இடமில்லாததால மட்டும் ஃபோக் விட்டுட்டார் எண்டு நான் நினைக்க மாட்டேன். எங்கட வாப்பா வேதாளர், அதான் ஃபாண்டம் என்ட முகமூடி வீரன், அவர்ட கதையெல்லாம் சேத்து வச்சவர், நான் அதுல வளந்த ஆள். அதை எழுதினவரும் இதே ஃபோக்தான், 1936ல தொடங்கினது. அதுல ஜங்கிள் பட்ரோல் என்டு காட்டுக் காவல் படை இருக்கு தானே, அதுக்கு ஒரு கமாண்டர், அவரை ஒருத்தரும் கண்டதில்ல, பூட்டின ரூம்ல ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள ஓடர் வந்து கிடக்கும், படையை நடத்துற கர்னல் வீக்ஸ் எடுத்து வாசிச்சுப்போட்டு வேலையைப் பாப்பார். அது யாருன்டா வேதாளரே தான். இங்கால மாண்ட்ரேக்ல "8" என்டு ஒரு கள்ளக் கூட்டம், அதின்ட தலைவன் ஒக்டோன் ஸ்க்ரீன்ல உருவமா மட்டும் வருவான். இன்டர்-இன்டெல் தலைவர் யாருன்டு வெளியில தெரியாது, அடுப்படியில ஈக்கிறார். மூணும் ஒரே கை வேலை. தலைவர் யாரும் பாக்காத இடத்துல ஈக்கணும் என்டது ஃபோக்குக்குப் பிடிச்ச விஷயம். வேலைக்காரனை விருந்தாளி நிமிந்து பாக்கிறதே இல்ல, அவனுக்கு முன்னுக்கு எல்லா இரகசியமும் பேசுவாங்க. உளவுத் தலைவருக்கு அதை விட நல்ல வேஷம் வேற என்ன? முன்கதை சொன்னா அந்த வேஷம் கலைஞ்சிடும்.

தெகிவளை_நிலா:
நீங்க ரெண்டு பேரும் சொல்றதை வாசிச்சன், எனக்கு ஒரு இடம் உறுத்துது. வேஷத்துக்காக மறைச்சது எண்டா மறைஞ்சு இருக்கிற வேதாளருக்கு ஏன் 21 தலைமுறைக் கதை இருக்கு? அவர் வெள்ளைக்கார ஹீரோ, அதால. லொதாரைப் பாருங்கோ, 1934ல சிறுத்தைத் தோலும் துருக்கித் தொப்பியும், வாயைத் திறந்தா அரைகுறை இங்கிலீஷ். இளவரசன் எண்டு சொல்லிக்கொண்டே அப்பிடிக் கதைக்க விட்டவங்கள். 1965ல ஃபிரெடரிக்ஸ் வந்தாப் பிறகுதான் ஒழுங்கான உடுப்பும் ஒழுங்கான பேச்சும். அந்தக் காலத்து அமெரிக்கக் கதையள்ல ஆசியாக்காரன் எண்டா ஒண்டில் குக், இல்லாட்டி வில்லன். ஃபோக் அந்தக் குக்கை எடுத்துத் தலைவராக்கினது பெரிய விஷயம், அதை நான் மனசாரச் சொல்றன். ஆனா ஒரு அம்மா அப்பா, ஒரு ஊர், அதுகூடக் குடுக்கேல்ல. வாசிக்கிற எங்களுக்கு அவர்ட முழுப்பேர் கூடத் தெரியாது.

வெள்ளவத்தை_வாசகன் கேட்டதுக்கு நான் மனசுக்குள்ள வச்சிருக்கிற கதையைச் சொல்றன், முழுக்க என்ட கற்பனை, ஆனா வரலாறு உண்மை. 1942ல அமெரிக்காவில இருந்த ஜப்பானியர் 120,000 பேருக்குக் கிட்ட முகாம்கள்ல அடைச்சவங்கள், மூண்டில ரெண்டு பங்குக்குக் கிட்ட அங்கயே பிறந்த பிரஜையள். அதே நேரம் அமெரிக்க இராணுவத்துக்கு ஜப்பான் மொழி தெரிஞ்ச ஆக்கள் தேவைப்பட்டு, குடும்பம் முள்ளுக்கம்பிக்குள்ள இருக்க, பொடியங்களை இராணுவப் புலனாய்வுக்கு எடுத்தவங்கள். ஆயிரக்கணக்கானோர் பிடிபட்ட கடதாசியளை மொழிபெயர்த்து, கைதியளை விசாரிச்சு வேலை செய்தவங்கள், அதைப் பற்றி வெளியில சொல்லவும் கூடாது. ஹோஜோ அந்தப் பொடியங்கள்ல ஒருத்தர் எண்டு வச்சா எல்லாம் பொருந்துது. புலனாய்வு எங்க படிச்சார் எண்டது, ஏன் ஒருத்தருக்கும் முகம் காட்டுறார் இல்லை எண்டது, நம்பிக்கை வச்ச ஒரு வீட்டுக்குள்ளயே ஏன் இருக்கிறார் எண்டது. நாடு தன்னைச் சந்தேகப்பட்டதை மறக்காத ஒருத்தர்.

வெள்ளவத்தை_வாசகன்:
அக்கா, இதை வாசிச்சிட்டு திரும்ப அந்தப் புத்தகங்களை எடுத்துப் பாத்தன், ஆள் தட்டை வச்சுக்கொண்டு பின்னுக்கு நிக்கிற கட்டமெல்லாம் இப்ப வேற மாதிரித் தெரியுது. இன்டர்-இன்டெல்ல அவருக்கு உதவியாள் ஜெட் எண்டு ஒருத்தர் வருவார் எல்லோ, அவர் வாற கதையள்லயாவது பழசு ஏதும் கதைக்கினமா? ஃபோக்குக்குப் பிறகு வந்தவை ஏன் இதைத் தொடேல்ல?

கொட்டாஞ்சேனை_அண்ணை:
தங்கச்சி சொன்ன கதை நல்லாப் பொருந்துது, காலமும் சரியா வருது. தம்பி, ஜெட் வாற இடமெல்லாம் அண்டைய கேஸைப் பற்றின பேச்சுத்தான், நான் வாசிச்ச அளவில பழைய கதை ஒண்டும் வராது. ஃபோக் 1999 மார்ச்சில செத்தவர், கடைசி மட்டும் எழுதினவர். பிறகு ஃபிரெடரிக்ஸ் தானே எழுதித் தானே கீறினார். ஞாயிறுப் பக்கம் 2002ல நிண்டுது. நாளாந்தக் கதை 2013 ஜூலையில, ஒரு கதை பாதியில இருக்கேக்கயே, அவர் ஓய்வெடுக்க அப்பிடியே நிண்டு, அதுக்குப் பிறகு பழசுதான் திருப்பிப் போட்டவங்கள். ஓடிக்கொண்டிருந்த கதையே முடியேல்ல, அதுக்குள்ள ஹோஜோவை ஆர் பாக்கிறது.

உங்கட கட்டில கோப்ரா திரும்பி வாற கதை இருக்கோ எண்டு பாருங்கோ, வெள்ளி முகமூடியோட வருவான். என்னட்ட அதின்ட முதல் பாதி மட்டும் இருக்கு. இருந்தா சொல்லுங்கோ, வெள்ளவத்தைக்கு வந்து மாத்தி வாசிப்பம்.