கொள்ளைக் கப்பல் தலைவராக உங்களை உலுக்கிய மோதல் எது?

கருங்கொடி:

சிட் மையர்ஸ் பைரேட்ஸ் விளையாட்டை இன்னும் கணினியிலிருந்து நீக்க மனம் வராதவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன். நான் விளையாடுவது 2004-இல் வந்த பதிப்பு. 1987-இல் கொமடோர் 64 கணினிக்கு வந்த முதல் பதிப்பில் கடலோடியவர்கள் இருந்தால் அவர்களும் எழுதலாம். கரீபியக் கடலில் யாரை எதிர்கொண்டீர்கள், எப்படிக் கரை சேர்ந்தீர்கள்? வெற்றிப் புராணத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கழுத்துக்குக் கத்தி வந்த கதைகளில்தான் சுவை இருக்கிறது.

எனக்குக் கத்தி வந்தது சொந்தக் கப்பலிலிருந்து. ஆங்கிலேயர் பக்கம் நின்று 1660-இல் தொடங்கிய ஆட்டம். கார்த்தஹேனா நகரைத் தாக்கிப் பிடித்துவிட்டுப் புறப்பட்டோம். பெட்டி நிறையப் பொன், பின்னால் அணிவகுத்து வரும் கப்பல்கள், ஏறக்குறைய முந்நூறு ஆட்கள். கண்ணில் படும் கப்பலெல்லாம் நம்மைக் கண்டு ஓடும் நேரம் அது. அப்போதுதான் ஆட்களின் மனநிலையைக் காட்டும் வரி மெல்ல இறங்கத் தொடங்கியது. இன்னொரு கொள்ளை கிடைத்தால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று ஒரு ஸ்பானிய வணிகக் கப்பலையும் பிடித்தேன். அதிலிருந்த மாலுமிகள் சிலர் நம்மோடு சேர்ந்துகொண்டார்கள். பங்கு கேட்கும் வாய்கள் கூடியதுதான் மிச்சம். ஜமைக்கா பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த பிரிக் கப்பலைக் காணவில்லை. புயலும் இல்லை, போரும் இல்லை. ஆட்களோடும் சரக்கோடும் அது தன் வழியே போய்விட்டது.

கணக்கு எளிதுதான். 30,000 பொன்னை 300 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 100. அதே பொன்னை 60 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 500. பெட்டியில் இருப்பது எவ்வளவு என்று எந்த மாலுமியும் பார்ப்பதில்லை. தன் மடியில் விழப்போவது எவ்வளவு, அதற்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்றே பார்க்கிறான். இந்த விளையாட்டின் தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கொடுமைக்காரத் தலைவன் ஒருவனுக்கு எதிராகக் கலகம் செய்துதானே நாம் பதவிக்கு வருகிறோம்! ஒருவனைக் கவிழ்த்துப் பழகிய கைகள் நம்மைச் சுற்றி நிற்கின்றன என்பதை வெற்றி மயக்கத்தில் எவர் நினைக்கிறார்கள்?

இப்போதெல்லாம் ஆட்கள் நூறைத் தாண்டினாலே எனக்கு உறுத்தல் வந்துவிடுகிறது.

சின்னக்கப்பல்:

நூறே அதிகம் ஐயா. ஸ்லூப் வகைக் கப்பல் ஒன்று, நாற்பது ஐம்பது ஆட்கள், இவற்றை வைத்துக்கொண்டே ஒரு ஆட்டம் முழுவதையும் ஓட்டலாம். பெரிய கப்பல் கிடைத்ததும் அதற்கு மாறிவிடும் பழக்கம்தான் பலரைக் கெடுக்கிறது.

நான் சந்தித்தது கருந்தாடி (பிளாக்பியர்ட்) என்ற புகழ்பெற்ற கொள்ளைக்காரனை. துறைமுகத்து மதுக்கடைப் பெண் சொன்ன திசையில் தேடிப் போனேன். அவன் கப்பல் கண்ணில் பட்டதும் திரும்பிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவன் ஆட்கள் என்னுடையதைப்போலப் பல மடங்கு. அருகில் போய் ஏறினால் கதை முடிந்தது. ஆகவே ஏறாமல் சுற்றிச் சுற்றியே வந்தேன். அதற்கு முன்பே கப்பல் தச்சரிடம் சங்கிலிக் குண்டும் கொத்துக் குண்டும் வாங்கி வைத்திருந்தேன். முதலில் சங்கிலிக் குண்டு. அவன் பாய்கள் கிழிந்து தொங்க, பெரிய உடம்பு நகர முடியாமல் கிடந்தது. அடுத்து, ஆட்களை வீழ்த்தும் கொத்துக் குண்டு. இது கிட்டே போனால்தான் பயன் தரும். கிட்டே போனால் அவன் பீரங்கி வரிசை முழுவதும் நம் மேல் திரும்பும். எனவே அவன் பக்கவாட்டில் ஒருபோதும் நிற்காமல் முகப்பையோ பின்புறத்தையோ பிடித்துக்கொண்டு, அவன் திரும்ப முயலும்போதெல்லாம் நானும் திரும்பினேன். அங்கே ஸ்லூப்பின் அருமை தெரிந்தது. காற்றுக்கு முகம் கொடுத்துக்கூட அது நகர்கிறது. அவனுடையது முனகிக்கொண்டு நிற்கிறது.

அவன் ஆட்கள் என் ஆட்களைவிடக் குறைந்த பிறகுதான் மேலே ஏறினேன். வாட்போர் தனி வித்தை. கழுத்தளவில் வீசினால் குனிய வேண்டும், காலளவில் வீசினால் குதிக்க வேண்டும், நேரே குத்த வந்தால் தட்ட வேண்டும். அவன் தோள் அசையும் விதத்தைப் பார்த்தே எது வருகிறது என்று படிக்கலாம். கண் அவன் வாளில் இருந்தால் தோற்றோம்.

அவன் கப்பலை எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த துறைமுகத்திலேயே விற்றுவிட்டேன்.

ஆடத்தெரியாதவள்:

நீங்கள் அனைவரும் பீரங்கியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆளுநர் மகளோடு ஆடியவர்கள் ஒருவர்கூட இல்லையா? என் கொள்ளைக்காரி, அதாவது கொள்ளைக்காரன் (விளையாட்டில் அந்த ஒரு தேர்வைத் தரவில்லை), மூன்று பேரரசுகளிடம் பட்டம் வாங்கியவன். அவன் தலைகுனிந்த ஒரே இடம் குராசோ ஆளுநர் மாளிகையின் நடனக் கூடம்.

அவள் கையால் சிறு சைகை காட்டுவாள்: இடம், வலம், முன், பின், சுழற்சி. இசையின் அடுத்த தட்டுக்குள் அந்தச் சைகைக்குரிய எண் விசையை அழுத்த வேண்டும். தொடக்கத்தில் நன்றாகவே போகும். பிறகு வேகம் கூடும், சைகை வந்த மாத்திரத்தில் மறையும். ஒரு விசை தவறினால் தலைவர் தன் காலையே தட்டிக்கொண்டு தடுமாறுவார். அவள் முகம் சுருங்கும். சுற்றி நிற்கும் கனவான்கள் இதற்காகவே காத்திருந்ததுபோலப் பார்ப்பார்கள். பத்துக் கப்பலை மூழ்கடித்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை!

மதுக்கடையின் மூலையில் உட்கார்ந்திருக்கும் மர்மப் பயணியிடம் நடனக் காலணி விற்பனைக்கு வரும். அதை வாங்காமல் எந்த ஆளுநர் மாளிகையிலும் காலடி வைக்காதீர்கள். கடின நிலையைக் கூட்டி விளையாடுகிறவர்களுக்கு அழகான ஆளுநர் மகள்கள் மேலும் கடினமாக ஆடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் கலகம் செய்தால்கூடக் கொஞ்சம் பொன் கொடுத்துச் சமாளிக்கலாம். இவளை எதைக் கொடுத்துச் சமாளிப்பது?

கொண்டல்:

நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். எஞ்சின் உள்ள கப்பல்தான், பாயெல்லாம் இல்லை. ஆனாலும் இந்த விளையாட்டில் என்னைக் கட்டிப் போட்டது காற்று. கரீபியக் கடலில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுகிறது. உண்மையிலும் அப்படித்தான். விளையாட்டைச் செய்தவர்கள் அதில் கை வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பார்படோசிலிருந்து மேற்கே போவது இறக்கத்தில் உருளுவதுபோல. மேற்குக் கோடியிலுள்ள வெராகுரூசிலிருந்து கிழக்கே திரும்புவதோ மாதக்கணக்கில் இழுக்கும்.

கருங்கொடி சொன்ன கலகத்துக்கும் இதுதான் மூலம் என்று எனக்குப் படுகிறது. கார்த்தஹேனாவிலிருந்து ஜமைக்கா வடக்கே இருக்கிறது, அது பரவாயில்லை. ஆனால் கொள்ளைக்காகப் பலர் மேற்குக் கோடிவரை போய்விடுகிறார்கள். திரும்பும் வழியில் நாள்காட்டி ஓடுகிறது, உணவு கரைகிறது, ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். பங்கு பிரிப்பதாக இருந்தால் எங்கே பிரிப்பது என்பதைப் போகும்போதே முடிவு செய்ய வேண்டும். கிழக்கே தொடங்கி, வழியெல்லாம் கொள்ளையடித்துக்கொண்டே மேற்கே இறங்கி, அங்கேயே ஒரு துறைமுகத்தில் பங்கு பிரித்து ஆட்களை அனுப்பிவிட்டு, அடுத்த பயணத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். பெரிய படையோடு காற்றை எதிர்த்துத் திரும்பவே கூடாது.

ஸ்பானியர்களும் இந்தக் காற்றுக்குக் கட்டுப்பட்டவர்களே. வெராகுரூசுக்குப் போன கப்பல் தொகுதியும், கார்த்தஹேனாவுக்கும் போர்ட்டோபெலோவுக்கும் போன தொகுதியும் ஹவானாவில் கூடுவது வழக்கம். வந்த வழியே கிழக்கே திரும்ப முடியாது. எனவே புளோரிடா நீரிணை வழியாக வளைகுடா நீரோட்டத்தைப் பிடித்து வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் காற்று கிடைக்கும் இடத்தில் ஸ்பெயினை நோக்கித் திரும்புவார்கள். வேறு வழி இல்லாததால் எங்கே காத்திருந்தால் வெள்ளி வரும் என்பது எதிரிகள் அனைவருக்கும் தெரியும். டச்சுக்காரர் பியட் ஹெய்ன் 1628-இல் கியூபாவின் மட்டன்சாஸ் விரிகுடாவில் வெள்ளிக் கப்பல்களை மொத்தமாக மடக்கியது இப்படித்தான். 1987 பதிப்பில் அந்தப் படையெடுப்பையே தனி ஆட்டமாகத் தந்திருந்தார்கள்.

ஓலைச்சுவடி:

ஒரு குறை சொல்ல வேண்டும். புகழ்பெற்ற கொள்ளையர் பத்துப் பேர் என்று ஒரு பட்டியல் வருகிறதே, அதில் ஹென்றி மோர்கனும் ழான் லபீத்தும் ஒரே கடலில் உலவுகிறார்கள். மோர்கன் இறந்தது 1688-இல். லபீத் 1815-இல் நியூ ஆர்லியன்ஸ் போரில் அமெரிக்கர் பக்கம் நின்றவர். நடுவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல். கருந்தாடியின் கதையும் 1718-இல் முடிந்தது. விளையாட்டில் 1660-இலேயே அவரைச் சந்திக்கலாம். இதையெல்லாம் பார்த்தால் விளையாட முடியாது என்பீர்கள். சரி, பார்க்கவில்லை.

ஆனால் ஆட்கள் தலைவரை விரட்டுவது மட்டும் கலப்படமற்ற வரலாறு. கொள்ளைத் தலைவர் சார்லஸ் வேன் 1718-இல் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு மோதாமல் விலகிப் போனார். ஆட்கள் அவரைக் கோழை என்று வாக்களித்து இறக்கிவிட்டு, அவருக்குக் கீழே இருந்த ராக்கமைத் தலைவராக்கினார்கள். பார்தொலொமியு ராபர்ட்சின் கப்பலில் பங்கு விதி எழுத்தில் இருந்தது: தலைவருக்கும், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த குவாட்டர்மாஸ்டருக்கும் தலா இரண்டு பங்கு, பீரங்கித் தலைவர் போன்றோருக்கு ஒன்றரை, மற்ற அதிகாரிகளுக்கு ஒன்றேகால். விளையாட்டில் கடின நிலை கூடக்கூடத் தலைவரின் பங்கும் கூடுகிறது. ராபர்ட்சின் ஆட்கள் அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மோர்கன் வேறு வகை. 1671-இல் பனாமாவைச் சூறையாடிவிட்டு வந்தபோது பங்கு மிகவும் சொற்பமாக இருந்தது. ஏமாற்றிவிட்டார் என்று ஆட்கள் குமுற, அவரோ சில கப்பல்களோடு ஜமைக்காவுக்கு நழுவிவிட்டார். கருங்கொடிக்கு நடந்ததற்கு நேர் எதிர்: இங்கே தலைவர் ஓடிவிட்டார்! அப்புறம் அவருக்கு நைட் பட்டமும் ஜமைக்காவின் துணை ஆளுநர் பதவியும் கிடைத்தன. ஆளுநராக ஓய்வு பெறுவதே விளையாட்டில் உச்ச நிலை. மோர்கனை மனத்தில் வைத்துத்தான் அதை அமைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கருங்கொடி:

மோர்கன் வழி எனக்குக் கைகொடுக்கவில்லை, ஓலைச்சுவடி. விளையாட்டில் நழுவ இடமில்லை. பங்கு பிரித்தே ஆக வேண்டும். கொண்டல் சொன்னபடி மேற்கே இறங்கிப் பங்கு பிரிக்கும் முறைக்கு மாறியிருக்கிறேன். ஆட்கள் பையில் பொன்னோடு கலைகிறார்கள், எனக்கு ஒரே ஒரு கப்பல் மிஞ்சுகிறது, சில மாதங்கள் கழிகின்றன. இதில் ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் தலைவருக்கு வயது ஏறுகிறது. இருபதுகளில் சட்டென்று குனிந்த உடம்பு நாற்பதை நெருங்கும்போது அரை நொடி தாமதிக்கிறது. அந்த அரை நொடியில்தான், விளையாட்டில் நம் குடும்பத்தைப் பிடித்து வைத்திருக்கும் வில்லன் மொண்டல்பான் பிரபுவின் வாள் உள்ளே வருகிறது. குடும்பத்தில் பாதிப் பேர் இன்னும் அவன் பிடியில் இருக்கிறார்கள், எனக்கோ மூட்டு வலிக்கிறது.

ஆட்களைச் சிரிக்க வைக்க அடிக்கடி பங்கு பிரித்தால் கிழவனாகிறேன். இழுத்துப் பிடித்தால் கப்பலோடு ஓடுகிறார்கள். கப்பல்களைப் பிடிக்கும்போது சமையல்காரரும் குவாட்டர்மாஸ்டரும் கிடைத்தால் விடாதீர்கள். அவர்கள் இருந்தால் முணுமுணுப்பு தாமதமாகத்தான் தொடங்குகிறது. எனக்கு அதற்கு மேல் வழி தெரியவில்லை. வேறு யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

சின்னக்கப்பல்:

வழி ஒன்றுதான்: ஆட்களைக் குறையுங்கள். கார்த்தஹேனாவை மறந்துவிடுங்கள். நகரைப் பிடிக்க முந்நூறு பேர் தேவை, கப்பலைப் பிடிக்க ஐம்பது பேர் போதும். ஐம்பது பேர் என்றால் நீண்ட காலம் பங்கு பிரிக்காமலே ஓட்டலாம், வயதும் மிச்சம். பிடித்த கப்பல்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு அலையாமல் உடனே விற்றுவிடுங்கள். மிக மெதுவான கப்பலின் வேகம்தான் உங்கள் வேகம்.

ஆடத்தெரியாதவள்:

ஐம்பது பேரோடு போனால் ஆளுநர் மாளிகையில் மதிப்பு இருக்குமா? கிண்டலுக்குத்தான் கேட்கிறேன். பதவி கொடுப்பது நாம் யாரைத் தாக்கினோம் என்பதைப் பார்த்துத்தான், எத்தனை பேரோடு வந்தோம் என்று எவரும் எண்ணுவதில்லை.

இருக்கட்டும். எனக்கு ஓர் அவசரச் சந்தேகம். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் வலப்பக்க எண் விசைகள் இல்லை. வாட்போர், நடனம் இரண்டுக்கும் அவைதானே வேண்டும்? மேல் வரிசை எண்களை வைத்து ஆடிப் பார்த்தேன். நடனக் கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது.

கொண்டல்:

யூ.எஸ்.பி.யில் செருகும் எண் விசைப்பலகை தனியாகவே விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். விசைகள் அழுத்தினால் நன்றாகக் கீழே போகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். தட்டையான விசை உள்ளதை வாங்கினால் இருட்டில் 4 எது, 5 எது என்று விரலுக்குத் தெரியாது. 5-இன் மேல் சிறு புடைப்பு இருக்க வேண்டும்.